ராத்தாவின் ரிப்போட்டுகள்: நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒன்றாகத் தாக்கும் குருதிக்கலன் அழற்சியை இனங்காணல்

அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் 32 வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் என்பது பதவிப் பெயர். ஊரில் 'லேப் காரர்' என்றால்தான் தெரியும். இரத்தம், சளி, சலம் என்று உடம்பிலிருந்து வருவதையெல்லாம் நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் வைத்தியனல்ல. மருந்து சொல்லும் தகுதியும் எனக்கில்லை. இருந்தும் ஒரு நோயைப் பற்றி இங்கே எழுதத் துணிந்தேன். அந்த நோய் என் கூடப்பிறந்த ராத்தாவின் உடம்பில் எட்டு மாதம் பெயரில்லாமல் குடியிருந்தது. அதன் அடையாளம் ஒரு தடவை என் மேசைக்கே வந்து போனது.

நோயைத் தமிழில் குருதிக்கலன் அழற்சி எனலாம். வைத்தியர்கள் 'வஸ்கியூலைடிஸ்' என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி தடம் மாறி, தன் சொந்த இரத்தக் குழாய்களின் சுவரையே தாக்குவதால் வரும் தன்னெதிர்ப்பு நோய்களில் இது ஒன்று. இதில் பல வகையுண்டு. மிகச் சிறிய இரத்தக் குழாய்களைத் தாக்கும் வகை, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடியது. அபூர்வமான நோய்தான். ஆனால் பிந்தினால் சில வாரங்களில் சிறுநீரகம் போய்விடும், நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்தால் உயிரும் போகும். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் பெரும்பாலானோரைக் காப்பாற்றலாம்.

எட்டு மாதம், எட்டுப் பெயர்கள்

2016 நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களில் ராத்தாவுக்கு மூக்கடைப்பு தொடங்கியது. வயது அப்போது 57. காலையில் மூக்கைச் சிந்தினால் பொருக்குப் பொருக்காக இரத்தம் கலந்து வரும். பீனிசம் என்றார்கள். மருந்து எடுத்தாள், கொஞ்சம் குறைந்தது, திரும்ப வந்தது. பிறகு இடது காது அடைத்துக்கொண்டது. அதற்குச் சொட்டு மருந்து.

ஓகஸ்டில் மூட்டு நோவு. இன்றைக்கு முழங்கால், நாளைக்கு மணிக்கட்டு என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. முன்பொருதரம் வந்த சிக்குன்குன்யாவின் மிச்சம் என்று வீட்டில் நாங்களே முடிவெடுத்தோம். கண் சிவந்தது. அது கண்நோய். உடம்பு மெலிந்தது. நோன்பில் மெலிந்தவள் இன்னும் தேறவில்லை என்று மாமி சொன்னார். பெருநாளைக்குத் தைத்த சட்டை ஒக்டோபரில் தோளில் தொங்கியது.

ஒக்டோபரில் இருமல். எக்ஸ்றேயில் இரண்டு வட்ட நிழல்கள், ஒன்றின் நடுவில் ஓட்டை. இந்த நாட்டில் அப்படியொரு படத்தைப் பார்க்கும் எந்த வைத்தியருக்கும் முதலில் காசநோய்தான் ஞாபகம் வரும், வரவும் வேண்டும். சளியை மீண்டும் மீண்டும் சோதித்தார்கள். காசநோய்க் கிருமி இல்லை. நியூமோனியாவுக்கு மருந்து கொடுத்தார்கள். இளைப்பு இருந்ததால் ஐந்து நாளைக்கு பிரெட்னிசலோன் குளிசையும் சேர்த்தார்கள். அந்த ஐந்து நாளும் ராத்தா புது மனுசியாக நடமாடினாள். அது இந்த நோயை அமுக்கக்கூடிய குளிசை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. குளிசை முடிய எல்லாம் திரும்பியது.

டிசம்பரில் சலத்தில் கிருமி என்றார்கள். ஜனவரியில் காய்ச்சல். மச்சான் வயல்காரர். பெரும்போகக் காலத்தில் ராத்தாவும் வட்டைக்குப் போய் வருவாள், காலில் புண்ணும் இருந்தது. எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கும் வைத்தியம் நடந்தது. டெங்குவும் பார்த்தார்கள்.

யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் முன்னால் இருந்த உறுப்பைக் கவனமாகத்தான் பார்த்தார்கள். மூக்கைப் பார்த்தவருக்கு மூட்டு தெரியாது. மூட்டைப் பார்த்தவரிடம் கண்ணைப் பற்றி ராத்தா சொல்லவில்லை. சலத்தைப் பற்றி யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. எங்கள் பெண்களுக்கு அது வெட்கம்.

பாயில் விரித்த காகிதங்கள்

2017 பெப்ரவரியில் ஒரு நாள் இரவு போனேன். ராத்தா தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். "நெஞ்சுக்குள்ள தண்ணி நிண்ட மாதிரி இரிக்கி தம்பி" என்றாள். மச்சான் அலுமாரியிலிருந்து ஒரு சொப்பிங் பேக்கை எடுத்துத் தந்தார். "எல்லாத் துண்டும் இதுக்குள்ளதான் கிடக்கு. ஒண்டையும் எறியல்ல."

பன்பாயில் எல்லாவற்றையும் கொட்டினேன். எந்த வைத்தியரும் இவற்றை ஒன்றாகக் கண்டதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் கடைசி ரிப்போட்டை மட்டும் கொண்டு போயிருக்கிறார்கள். நான் திகதி வரிசையில் அடுக்கினேன்.

ஹீமோகுளோபின் ஜூலையில் 12.1, ஒக்டோபரில் 10.4, ஜனவரியில் 8.8, அந்த வாரம் 7.6. எங்கும் இரத்தப்போக்கு இல்லை, ஆனால் இரத்தம் எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஈ.எஸ்.ஆர். 65 இல் தொடங்கி 120ஐத் தாண்டியிருந்தது. இரத்தத் தட்டுகள் கூடியிருந்தன. கிரியேட்டினின் 0.8, 1.0, 1.5, பிறகு 2.9. இதில் ஒக்டோபரில் எடுத்த 1.0 'நோர்மல்' என்று அச்சிட்ட எல்லைக்குள்தான் இருந்தது. தனியே பார்த்தால் பயமில்லை. 0.8க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மெலிந்துகொண்டு வரும் ஒரு பெண்ணுக்கு அது ஏறியது தெரியும். சிறுநீரகத்தின் வேலையில் ஏறத்தாழ அரைவாசி குறையும் வரைக்கும் கிரியேட்டினின் எல்லைக்குள்ளேயே நிற்கக்கூடியது.

கடைசியாகச் சலப் பரிசோதனைகள், நாங்கள் 'யூ.எப்.ஆர்.' என்பது. மூன்று இருந்தன. செங்குழியங்கள் 5–8, பிறகு 10–15, பிறகு 25–30. புரதமும் கூடிக்கொண்டே வந்திருந்தது. ஆனால் வளர்ப்புச் சோதனையில் எந்தக் கிருமியும் வளரவில்லை. கிருமியில்லாத சலத்தில் மாதக்கணக்காக இரத்தமும் புரதமும் எப்படி வரும்? அது பையிலிருந்து வரவில்லை, சிறுநீரகத்தின் வடிகட்டியே கசிகிறது.

டிசம்பர் மாத ரிப்போட்டில் 'செங்குழியம் 10–15, வார்ப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. கீழே இருந்தது என் கையெழுத்து.

கிளினிக்கிலிருந்து ஒரு தட்டில் வந்த 60 போத்தல்களில் அதுவும் ஒன்று. இலக்கம் மட்டும் பார்த்திருப்பேன், பெயரைப் பார்க்கவில்லை. காலை 7 மணிக்கு எடுத்த சலம் பகல் 12 மணிக்குப் பிறகு என் கைக்கு வந்திருக்கும்.

ஒரே நோய், இரண்டு உறுப்புகள்

இதை விளங்க, நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள ஒற்றுமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நுரையீரலின் சிற்றறைகளைச் சுற்றி மயிர்த்துளைக்குழாய்கள் வலை போல ஓடுகின்றன. இரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையில் இருப்பது மிக மெல்லிய ஒரு சுவர். சிறுநீரகத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் கலன்கோளங்கள் உண்டு. ஒவ்வொன்றும் மயிர்த்துளைக்குழாய்கள் சுருண்ட ஒரு பந்து. அங்கே இரத்தத்துக்கும் சிறுநீருக்கும் இடையில் மெல்லிய சுவர். சுவர் மெல்லிதாக இருந்தால்தான் வேலை நடக்கும். ஆகவே சிறிய குழாய்களின் சுவரைத் தின்னும் நோய், இந்த இரண்டு இடத்திலும் பெரிய சேதம் செய்கிறது. நுரையீரலில் சுவர் கிழிந்தால் சிற்றறைக்குள் இரத்தம் நிரம்பும். சிறுநீரகத்தில் கிழிந்தால் செங்குழியங்கள் சிறுநீருக்குள் நழுவும்.

நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்தாலும் எல்லோரும் இரத்தம் துப்புவதில்லை. கசிந்தது உள்ளேயே தங்கிவிடலாம். அப்போது வெளியே தெரிவது மூச்சு முட்டும், ஹீமோகுளோபின் இறங்கும், எக்ஸ்றேயில் நிழல் விழும். அவ்வளவுதான். ராத்தா ஒரு துளி இரத்தமும் துப்பவில்லை.

சலத்தில் இருந்த சாட்சி

அடுத்த நாள் காலையில் ராத்தாவை ஆய்வுகூடத்துக்கே கூட்டிப்போய், அங்கேயே சலம் எடுக்கச் சொன்னேன். பத்து நிமிடத்துக்குள் மையநீக்கியில் மெதுவாகச் சுழற்றி, மேலே நின்ற நீரை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்தேன். ஒளியைக் குறைத்து, கண்ணாடியின் ஓரம் ஓரமாகத் தேடினேன். மூன்றாவது நிமிடத்தில் கண்டேன்.

வார்ப்பு என்பது இதுதான். சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள் ஒரு புரதம் உறைந்து, குழாயின் அச்சிலேயே சிறு துண்டாக வெளிவரும். இடியப்ப உரலிலிருந்து விழும் மாத்துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். துளையின் வடிவம் மாவில் இருக்கும். அந்தத் துண்டுக்குள் செங்குழியங்கள் ஒட்டியிருந்தால், அந்த இரத்தம் சிறுநீரகத்துக்குள்ளேயே கசிந்தது என்று அர்த்தம். கல்லாலோ கிருமியாலோ சலப்பையில் வரும் இரத்தம் இப்படி அச்சில் வார்த்து வராது. கூடவே, சில செங்குழியங்கள் ஓரத்தில் சிறு காதுகள் முளைத்தது போல் உருக்குலைந்திருக்கும். நெருக்கமான வடிகட்டிக்குள்ளால் பிதுங்கி வந்ததன் அடையாளம் அது.

இந்த வார்ப்புகள் அதிக நேரம் நிலைப்பதில்லை. சலம் பழசாகிக் காரத்தன்மை ஏறினால் கரையும். நீர்த்த சலத்திலும் கரையும். வேகமாகச் சுழற்றினால் உடையும். எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள், பிந்தினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும். ஐந்து மணித்தியாலம் மேசையில் கிடந்த சலத்தில் 'வார்ப்பு இல்லை' என்று நான் எழுதியது பொய்யல்ல. நான் பார்க்கும்போது இல்லை. ஆனால் காலையில் இருந்ததா இல்லையா என்பதற்கு அந்த வரியில் பதில் இல்லை.

செங்குழிய வார்ப்பைக் கண்டதும் இது வஸ்கியூலைடிஸ்தான் என்று சொல்லிவிட முடியாது. தொண்டை நோவுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வரும் சிறுநீரக அழற்சியிலும் அது வரும், லூப்பஸ் நோயிலும் வரும். அது சொல்வதெல்லாம் கலன்கோளம் கசிகிறது என்பதை மட்டுமே. அதோடு கிரியேட்டினின் வாரத்துக்கு வாரம் ஏறினால் அவசரம். அதோடு நுரையீரலும் கெட்டால் பேரவசரம்.

ரிப்போட்டுகளைத் திகதி வரிசையில் ஒரு தாளில் எழுதி, பொது வைத்திய நிபுணர் ஒருவரிடம் நேரே போனேன். அவர் அந்தத் தாளை இரண்டு நிமிடம் பார்த்தார். ராத்தாவிடம் கேட்ட முதல் கேள்வி, "மூக்கால ரத்தம் வந்ததா உம்மா?" என்பது. அன்று பகலே அம்பியூலன்ஸில் சிறுநீரகப் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வேறு எதுவாக இருக்கலாம்?

அங்கே முதலில் செய்தது வேறு நோய்களை விலக்குவது. நுரையீரலும் சிறுநீரகமும் ஒன்றாகக் கெடுவதற்கு நம் நாட்டில் வேறு பல காரணங்கள் உண்டு.

எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தை முடக்கி நுரையீரலுக்குள் இரத்தத்தைக் கசிய வைக்கும். ஆனால் அது நாட்கணக்கில் நடப்பது. கடும் காய்ச்சல், தசை நோவு, மஞ்சள் நிறம் தென்படும், இரத்தத் தட்டுகள் பெரும்பாலும் இறங்கும். குருதிக்கலன் அழற்சி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊர்ந்து வரும், தட்டுகள் பெரும்பாலும் ஏறும். காசநோயில் எக்ஸ்றே இதே போல் இருக்கலாம். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ், முக்கியமாகச் சீனி வருத்தக்காரருக்கு, நுரையீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். இருதய வால்வில் கிருமி தொற்றினாலும் சிறுநீரகத்தில் அழற்சி வரும். லூப்பஸ் பெரும்பாலும் இளம் பெண்களுக்கு. இவை ஒன்றுமில்லாமல், சிறுநீரகம் வேறு காரணத்தால் நின்று, வெளியேற முடியாத தண்ணீர் நுரையீரலில் தேங்கினாலும் மூச்சு முட்டும்.

இந்த விலக்கலை அவசரமாகவும் கவனமாகவும் செய்ய வேண்டும். ஏனென்றால் குருதிக்கலன் அழற்சிக்கு நிர்ப்பீடனத்தை அமுக்கும் மருந்து தேவை. காசநோயோ மெலியோய்டோசிஸோ மறைந்திருக்கும் உடம்பில் அந்த மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். ஆகவே இரத்த வளர்ப்புச் சோதனை, சளிச் சோதனை எல்லாவற்றுக்கும் மாதிரி எடுத்துவிட்டு, அன்று பின்னேரமே மெதைல்பிரெட்னிசலோன் ஊசியைத் தொடங்கினார்கள். மற்ற ரிப்போட்டுகள் வரும்வரை காத்திருக்கவில்லை.

'அன்கா' என்ற சோதனை

கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தில் தேடியது 'அன்கா' என்னும் பிறபொருளெதிரியை. நியூட்ரோபில் என்பது கிருமியைக் கொல்லும் வெண்குழியம். அதன் வயிற்றுக்குள் சிறு சிறு பொதிகளில் வீரியமான நொதியங்கள் உண்டு. பி.ஆர். 3, எம்.பி.ஓ. என்பவை அவற்றில் இரண்டு. இந்த நோயில், உடம்பு அந்த நொதியங்களுக்கு எதிராகவே பிறபொருளெதிரியை உண்டாக்கிவிடுகிறது. அது போய் ஒட்டியதும் நியூட்ரோபில் தூண்டப்பட்டு, கிருமிக்காக வைத்திருந்த நொதியங்களை இரத்தக் குழாயின் சுவரிலேயே கொட்டிவிடுகிறது.

இந்த அறிவு புதியது, நோய் பழையது. 1866 இல் ஜேர்மனியில் குஸ்மௌல், மையர் என்ற இரு வைத்தியர்கள் இரத்தக் குழாய்கள் முடிச்சு முடிச்சாக வீங்கி இறந்த ஒருவரைப் பற்றி எழுதினார்கள். மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் சேர்த்துத் தாக்கும் வகையை 1931 இல் கிளிங்கரும், 1936 இலும் 1939 இலும் வெகெனரும் விபரித்தார்கள். நெடுங்காலம் அது வெகெனரின் பெயரால் வழங்கியது. அவர் நாட்சிக் கட்சியோடு தொடர்புடையவர் என்பது வெளிவந்த பிறகு, 2011 இல் மருத்துவச் சங்கங்கள் அந்தப் பெயரைக் கைவிட்டன. இப்போது சுருக்கமாக 'ஜி.பி.ஏ.' என்பார்கள். 1982 இல் அவுஸ்திரேலியாவில் சிறுநீரக அழற்சி வந்த சிலரின் இரத்தத்தில் நியூட்ரோபிலுக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பதைக் கண்டார்கள். 1985 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதை இந்த நோயோடு உறுதியாக இணைத்தார்கள். அதற்கு முன் இரத்தச் சோதனையால் இதைத் தேட வழியே இருக்கவில்லை.

சோதனையை இரண்டு விதமாகச் செய்யலாம். நியூட்ரோபில்கள் பதித்த கண்ணாடியில் நோயாளியின் இரத்தநீரை விட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்பது ஒன்று. பச்சை ஒளி கலம் முழுதும் பரந்திருந்தால் 'சீ-அன்கா', கருவைச் சுற்றி இருந்தால் 'பீ-அன்கா'. பி.ஆர். 3க்கு எதிரானதா, எம்.பி.ஓ.வுக்கு எதிரானதா என்று 'எலைசா' போன்ற முறைகளால் நேரே அளப்பது மற்றது. 2017 இல் வெளிவந்த சர்வதேச இணக்க அறிக்கை, நேரே அளப்பதையே முதலில் செய்யச் சொல்கிறது. பி.ஆர். 3 இருந்தால் பெரும்பாலும் மூக்கு, காது, நுரையீரலைப் பிடிக்கும் ஜி.பி.ஏ. வகை. எம்.பி.ஓ. இருந்தால் பெரும்பாலும் சிறுநீரகத்தை முதன்மையாகப் பிடிக்கும் வகை.

இந்தச் சோதனையில் இரண்டு பக்கமும் வழுக்கும். காசநோயிலும், இருதய வால்வுத் தொற்றிலும், தைரொயிட்டுக்குக் கொடுக்கும் புரோபைல்தயோயூரசில், பிரசருக்குக் கொடுக்கும் ஹைட்ரலசின் போன்ற மருந்துகளாலும் அன்கா 'பொசிடிவ்' வரலாம். நோய் இருக்கும் சிலருக்கு 'நெகடிவ்' வருவதும் உண்டு. ஆகவே காகிதத்தில் வந்த ஒரு சொல்லுக்காக யாருக்கும் வைத்தியம் செய்யக் கூடாது. அந்தச் சொல்லை நோயாளியின் கதையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ராத்தாவின் ரிப்போட் ஒன்பதாம் நாள் வந்தது. பி.ஆர். 3 நன்றாக ஏறியிருந்தது. அதற்குள் ஊசி மருந்து வேலை செய்யத் தொடங்கி, அவள் படுத்து நித்திரை கொள்ளும் நிலைக்கு வந்திருந்தாள்.

பயொப்சியில் கண்ட பிறை

முடிவான சாட்சி சிறுநீரகப் பயொப்சி. முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடி மெல்லிய ஊசியால் நூல் போன்ற ஒரு துண்டை எடுப்பார்கள். நுணுக்குக்காட்டியில் வைத்தால், கலன்கோளத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் கலங்கள் குவிந்து, பந்தை ஒரு பக்கமாக நெரித்துக்கொண்டு நிற்கும். அதன் வடிவம் பிறை. மருத்துவத்தில் அதற்குப் பெயரும் பிறைதான். மேற்கு வானில் பிறை தேடி நிற்கும் எங்கள் ஆக்கள் காண விரும்பாத பிறை இது. ராத்தாவின் துண்டில் 18 கலன்கோளங்கள் இருந்தன. 9இல் பிறை. 3 ஏற்கெனவே தழும்பாகிவிட்டிருந்தன. தழும்பானது திரும்பாது.

அதே துண்டில் ஒளிரும் சாயம் ஏற்றி, பிறபொருளெதிரிகள் எப்படிப் படிந்திருக்கின்றன என்றும் பார்ப்பார்கள். சுவர் நெடுக ஒரே கோடாகப் படிந்திருந்தால் அது 'குட்பாஸ்சர்' நோய். 1919 இல் இன்புளுவென்சாவுக்குப் பிறகு நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் சேதம் வந்து இறந்த ஓர் இளைஞனைப் பற்றி எழுதிய அமெரிக்க வைத்தியரின் பெயர் அது. குருணி குருணியாகப் படிந்திருந்தால் லூப்பஸ் போன்றவை. பிறை இருந்தும் படிவு ஏறக்குறைய ஒன்றுமேயில்லை என்றால் அன்கா சார்ந்த வகை. ராத்தாவுக்குப் படிவு இல்லை.

காலம் ஏன் முக்கியம்

1958 இல் வோல்ற்றன் என்ற ஆய்வாளர் வைத்தியமில்லாத காலத்து நோயாளிகளின் விபரங்களைத் திரட்டினார். சராசரியாக ஐந்து மாதம் வாழ்ந்திருந்தார்கள். ஐந்தில் நான்கு பேர் ஒரு வருடத்துக்குள் இறந்திருந்தார்கள். 1970களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் சைக்ளோபொஸ்பமைட் மருந்தையும் ஸ்டீரொயிட்டையும் சேர்த்துக் கொடுத்து இந்த நிலையை மாற்றினார்கள். அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர், கொரோனாக் காலத்தில் நாம் தினமும் பெயர் கேட்ட அன்ரனி பவுச்சி. 2010 முதல் ரிட்டுக்சிமப் என்ற மருந்தும் அதற்குச் சமமான இடத்தைப் பிடித்துள்ளது. இன்று பெரும்பாலானோரின் நோயை அடக்கலாம். ஆனால் மருந்து அழற்சியைத்தான் நிறுத்தும், தழும்பான கலன்கோளத்தை உயிர்ப்பிக்காது. வைத்தியம் தொடங்கிய அன்று எவ்வளவு மிஞ்சியிருந்ததோ, அதைச் சுற்றித்தான் மீதி வாழ்க்கை.

மருந்துக்கும் விலையுண்டு. முதல் வருடத்தில் நோயைவிடக் கிருமித் தொற்றுக்கே பயப்பட வேண்டும். காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக் காத்திருக்கக் கூடாது. நோய் அடங்கிய பிறகும் திரும்பலாம். பி.ஆர். 3 வகை அடிக்கடி திரும்பும். அதனால் கிளினிக் முடிவதில்லை.

ராத்தாவுக்கு ஆறு வாரம் டயலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. பிறகு தேவைப்படவில்லை. கிரியேட்டினின் 1.9இல் நின்றது. டிசம்பரில் பிடித்திருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று நான் பல தடவை கணக்குப் போட்டிருக்கிறேன்.

வாட்டில் இருக்கும்போதே அந்த டிசம்பர் ரிப்போட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஊராக்கள்ற சலமெல்லாம் பாக்கிற நீ, எண்டதையும் பாத்துத்தான் இரிக்காய். எண்டதெண்டு ஒனக்குத் தெரியல்ல. அவ்வளவுதான் தம்பி" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். ஆனால் மற்ற 59 போத்தலும் யாரோ ஒருவரின் ராத்தாவுடையது, உம்மாவுடையது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசகருக்கும் என் தொழில்காரருக்கும்

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் மூக்கு, காது, மூட்டு, கண், இருமல் வருத்தங்களில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், உடம்பு மெலிந்தால், காரணமில்லாமல் இரத்தம் குறைந்தால், சலத்தையும் கிரியேட்டினினையும் பார்த்தீர்களா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. சலம் நுரைத்தாலோ தேநீர் நிறமானாலோ வெட்கப்படாமல் சொல்லுங்கள். ரிப்போட்டுகளைத் திகதி வரிசையில் ஒரே பைலில் வையுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் முழுப் பைலையும் கொண்டு போங்கள்.

ஆய்வுகூடத்தில் இருப்போருக்கு: இரத்தமும் புரதமும் சேர்ந்து வந்த சலத்தைத் தனியே ஒதுக்கி, புதிதாக இன்னொன்று கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய சலத்தில் 'வார்ப்பு இல்லை' என்று எழுதும்போது, அது எத்தனை மணித்தியாலப் பழசு என்பதையும் எழுதுங்கள். 2017க்குப் பிறகு என் ஆய்வுகூடத்தில் போத்தலில் நேரம் எழுதாமல் வாங்கவில்லை. ஓய்வு பெறும்வரை இன்னும் இரண்டு பேரின் சலத்தில் செங்குழிய வார்ப்பைக் கண்டேன். ஒருவர் லூப்பஸ் வந்த இளம் பெண். மற்றது தொண்டை நோவுக்குப் பின் முகம் வீங்கிய ஒரு சிறுவன். இரண்டு பேரும் நேரத்துக்கு வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

ராத்தா இன்னும் தைக்கிறாள். ஒரு தடவை நோய் திரும்பியது, சலத்தில்தான் முதலில் தெரிந்தது, இரண்டு வாரத்துக்குள் அடக்கினார்கள். கிளினிக் நாளில் விடியவே வந்துவிடுவாள். நான் ஓய்வு பெற்றது அவளுக்குத் தெரியும். என்றாலும் முக்காட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த போத்தலை என் கையில்தான் தருவாள், நான்தான் கொண்டுபோய் அங்கேயுள்ள பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

"சூடாறுறதுக்குள்ள பாக்கச் சொல்லு" என்பாள்.